ஹனுடா கிராமத்துக்குள் போய்வர ஒரு முழுமையான வழிகாட்டி: பிளேஸ்டேஷன் 2-இன் 'ஃபர்பிடன் சைரன்'

பழைய பிளேஸ்டேஷன் 2 பற்றிப் பேச்சு எடுத்தால் புதுச்சேரியிலும் கடலூரிலும் வரும் பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கிரிக்கெட், மல்யுத்தம், கார் பந்தயம். மணிக்கணக்கில் காசு கட்டி ஆடிய கடைகளில் அவைதான் ஓடின. பேய் கேம் என்று கேட்டால் ரெசிடென்ட் ஈவில், சைலன்ட் ஹில். அதோடு பட்டியல் முடிந்துவிடும். சைலன்ட் ஹில் முதல் பாகத்தை இயக்கிய கெய்ச்சிரோ டொயாமா, அதற்குப் பிறகு சோனிக்குப் போய் எடுத்த 'ஃபர்பிடன் சைரன்' அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. எனக்கு இதில் உண்மையான ஆதங்கம் உண்டு. அந்தத் தலைமுறை கன்சோலில் வந்த பய விளையாட்டுகளில் இவ்வளவு துணிச்சலாக யோசித்து எடுத்த இன்னொன்றை நான் பார்த்ததில்லை.

ஜப்பானில் 2003 நவம்பரில் 'சைரன்' என்ற பெயரில் வந்தது. 2004-இல் ஐரோப்பாவுக்கு 'ஃபர்பிடன் சைரன்' ஆனது. அமெரிக்காவில் பழையபடி 'சைரன்'. அடுத்த வருடமே, 2005-இல், ரெசிடென்ட் ஈவில் 4 வந்து பய விளையாட்டு என்றாலே குறிபார்த்துச் சுடுவது என்று ஆக்கிவிட்டது. அந்தப் பழக்கத்தோடு சைரனுக்குள் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் செத்துப்போய் சிடியை எடுத்து வைத்துவிடுகிறார்கள். கேம் கஷ்டம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பெரும்பாலானோர் விட்டுவிடுவதற்குக் காரணம் கஷ்டம் இல்லை. இதை எப்படி ஆட வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அதற்குத்தான்.

கதை இவ்வளவு தெரிந்தால் போதும். ஜப்பானில் மலைக்குள் ஒதுங்கிய ஹனுடா என்ற கிராமம். 1976-இல் ஒரு மண்சரிவு. 27 வருடம் கழித்து, 2003 ஆகஸ்டில், நள்ளிரவில் ஒரு சைரன் ஒலிக்கிறது. கிராமத்தைச் சுற்றி மலை இருந்த இடத்தில் சிவப்புக் கடல். தண்ணீரெல்லாம் சிவப்பு. அந்தத் தண்ணீர் உடம்பில் ஏறிச் செத்தவர்கள் மறுபடி எழுந்து நடக்கிறார்கள். அவர்களுக்கு ஷிபிட்டோ என்று பெயர். உள்ளே மாட்டிக்கொண்ட பத்துப் பேராக மாறி மாறி நாம் ஆட வேண்டும். மீதிக் கதையைப் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

முதல் வேலை: எதில் ஆடுவது

கையில் சிடி இல்லாதவர்களுக்கு எளிய வழி, 2016-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு சோனி வெளியிட்ட டிஜிட்டல் பதிப்பு. அது பிளேஸ்டேஷன் 5-இலும் ஓடும். உங்கள் கணக்கு எந்த நாட்டுக் கடையில் இருக்கிறதோ அங்கே தேடிப் பாருங்கள். 'சைரன்', 'ஃபர்பிடன் சைரன்' இரண்டு பெயரையும் போட்டுத் தேட வேண்டும்.

அசல் மெஷினிலேயே ஆட ஆசை என்றால் சிடியும் மெஷினும் ஒரே வகையாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பால் (PAL) எனப்படும் ஐரோப்பிய வகை மெஷினில் ஐரோப்பிய சிடி ஓடும்; அமெரிக்க சிடி ஓடாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பெரிய மாடல் என்றால் பின்பக்க ஸ்டிக்கரில் எத்தனை வோல்ட் என்று படிக்காமல் நம் ஊர் பிளக்கில் செருகவே கூடாது. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய எலக்ட்ரானிக் சாமான்கள் குவிந்து கிடக்கும். அங்கே ஏதாவது கிடைத்தால், விலை பேசும் முன் சிடியை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து அடிப்பக்கம் பாருங்கள். நடுவிலிருந்து வெளியே போகும் கீறல் பரவாயில்லை. வட்டமாகச் சுற்றி ஓடும் கீறல்தான் தொல்லை.

கடற்கரை ஊர்க்காரர்களுக்குத் தனியாக ஒரு விஷயம் சொல்ல வேண்டும். உப்புக்காற்று நம் வீட்டு ஜன்னல் கம்பியை என்ன செய்கிறதோ அதையேதான் மெஷினின் பின்பக்க இணைப்புகளையும் செய்கிறது. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் பக்கம் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ ஒரு காதில் மட்டும் சத்தம் கேட்டாலோ, மெஷின் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கரண்டை நிறுத்திவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் தொட்டு ஏவி சாக்கெட்டையும் கேபிள் முனையையும் துடையுங்கள். பச்சை பூத்திருந்தால் இரண்டு மூன்று முறை துடைக்க வேண்டும். முழுவதும் காய்ந்த பிறகு போடுங்கள். மெஷினை வைக்கும் அலமாரியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போட்டு வையுங்கள். சிடியை நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள்; வட்டமாகத் துடைக்காதீர்கள்.

சேமிக்க 8 எம்பி மெமரி கார்டு ஒன்று வேண்டும். சேமிக்கும்போது கரண்ட் போனால் பதிவு கெடலாம். ஐப்பசி கார்த்திகையில் விளக்கு மினுக்க ஆரம்பித்தால் அப்போது சேமிக்காதீர்கள். மெஷினையும் டிவியையும் யுபிஎஸ் வழியாகப் போடுவது நல்லது. முடிந்தால் இரண்டு கார்டில் பதிவு வையுங்கள். இது நீளமான கேம். பாதியில் பதிவு போனால் திரும்பத் தொடங்க மனசு வராது.

புது எல்இடி டிவி என்றால் மஞ்சள் கேபிளை விட காம்பொனென்ட் கேபிள் தெளிவாக இருக்கும். டிவியின் பட அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள். வெளிச்சத்தை மட்டும் கூட்டாதீர்கள். எதுவுமே தெரியாத அளவு இருட்டு என்று தோன்றினாலும், இயக்குநர் அப்படித்தான் வைத்திருக்கிறார். அந்த இருட்டில் கண்ணை விட்டுக் காதுக்கு மாறுவதுதான் இந்த ஆட்டம்.

அதனால்தான் ஹெட்போன் கட்டாயம் என்கிறேன். மின்விசிறி சத்தத்தில் இதை ஆட முடியாது. மூச்சு, செருப்புச் சத்தம், ஓடை, தூரத்து முனகல் எல்லாம் இங்கே துப்புகள்.

முக்கியமான பாடம்: எதிரியின் கண்ணால் பார்ப்பது

முதல் ஸ்டேஜில் நீங்கள் க்யோயா சுடா, 16 வயதுப் பள்ளி மாணவன். இந்தக் கிராமத்தைப் பற்றி இணையத்தில் ஏதோ படித்துவிட்டு சைக்கிளில் வந்தவன். துப்பாக்கியோடு ஒரு போலீஸ்காரன் துரத்துகிறான். சித்தி மகனிடம் கன்ட்ரோலரைக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, இதுல எதால அடிக்கிறது?"

"அடிக்கிறதை விடுடா. அவன் எங்க நிக்கிறான்னு முதல்ல சொல்லு."

"எப்படிச் சொல்றது? ஒண்ணுமே தெரியலையே."

அவனுக்கு நான் காட்டியதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன். சைட்ஜாக் என்று ஒரு வசதி இருக்கிறது. அந்தப் பொத்தானை அழுத்தினால் திரை முழுக்க இரைச்சல், புள்ளி புள்ளியாக மினுக்கும். இடது ஸ்டிக்கை மெதுவாகச் சுற்ற வேண்டும். நம் வீடுகளில் இரவு நேரத்தில் சிலோன் ரேடியோவைப் பிடிக்கக் குமிழைத் தலைமுடி அளவு திருகுவார்களே, அதே நுணுக்கம். வேகமாகச் சுற்றினால் தாண்டிப் போய்விடும். மெல்லச் சுற்றினால் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மூச்சு கேட்கும், பிறகு பாதிப் படம், பிறகு முழுப் படம். அது யாரோ ஒரு ஷிபிட்டோ இந்த நொடியில் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி. கிடைத்த பார்வையை ஒரு பொத்தானில் பதிந்து வைக்கலாம். அப்புறம் சுற்றித் தேட வேண்டாம். பொத்தானைத் தட்டினால் அவன் கண்ணுக்குப் போய்விடலாம்.

ஸ்டிக் எந்தப் பக்கம் சாய்ந்தபோது கிடைத்ததோ அந்தத் திசையில் அவன் இருக்கிறான். படம் தெளிவாக இருந்தால் பக்கத்தில், இரைச்சலாக இருந்தால் தூரத்தில். இது பாதித் தகவல்தான். மீதி, அவன் பார்வையில் தெரியும் பொருட்களில் இருக்கிறது. ஒரு கதவு, கிணறு, படிக்கட்டு, வேலி. அவற்றை வைத்து அவன் எங்கே நின்று எந்தப் பக்கம் பார்க்கிறான் என்று கணக்குப் போட வேண்டும்.

நான் எல்லோருக்கும் சொல்லும் முறை இது. ஸ்டேஜ் தொடங்கியதும் நகராதீர்கள். முதலில் டார்ச்சை அணையுங்கள். சுற்றி எத்தனை பார்வை கிடைக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொரு பார்வையிலும் ஒரு முழுச் சுற்று முடியும்வரை இருங்கள். ஒருவன் வயலைக் கொத்திக்கொண்டே இருப்பான். இன்னொருவன் பலகையில் ஆணி அடித்துக்கொண்டே இருப்பான். மூன்றாமவன் வீட்டு வாசலுக்கும் சந்துக்கும் நடப்பான். சந்து முனையில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி நடப்பான். அந்தத் திரும்பிப் பார்க்கும் நொடியைப் பிடிக்க வேண்டும். அவன் முதுகு உங்கள் பக்கம் இருக்கும் நேரம் எவ்வளவு என்று வாய்க்குள் எண்ணிக்கொள்ளுங்கள். அதுதான் நீங்கள் கடக்கக் கிடைக்கும் நேரம்.

பார்வை பார்க்கும்போது உங்களால் அசைய முடியாது. நீங்கள் நிற்கும் இடத்தில் பின்னாலிருந்து ஒருவன் வந்தால் அவ்வளவுதான். அதனால் சுவர் ஓரம், புதர், மூடிய அறை என்று ஒரு இடம் பார்த்துக்கொண்டு பிறகு பாருங்கள். நடுத்தெருவில் நின்று சைட்ஜாக் செய்யாதீர்கள். ஒரு ஷிபிட்டோவின் பார்வைக்குள் போய், அந்தப் படத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் முதுகையே நீங்கள் பார்க்க நேர்ந்தால், அந்த ஒரு கணத்துக்கு ஈடான பயத்தை வேறு எந்தக் கேமும் எனக்குக் கொடுத்ததில்லை.

நடப்பது, ஒளிவது, அடிப்பது

வரைபடம் உண்டு. ஆனால் அதில் நீங்கள் இருக்கும் இடம் காட்டாது. புதிதாக ஆடுபவர்களுக்கு இதில்தான் எரிச்சல் வரும். ஒரு நோட்டு எடுங்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பக்கம். பாலம், கிணறு, கோயில், பள்ளிக்கூடம் என்று அடையாளங்களை மட்டும் வரையுங்கள். யார் எங்கே சுற்றுகிறான் என்று அம்புக்குறி போடுங்கள். இந்த உழைப்பு வீண் போகாது. அதே இடங்களுக்கு வேறு ஆளாக, வேறு நேரத்தில் திரும்பத் திரும்ப வருவீர்கள். பாதி கேமில் ஹனுடாவின் சந்துகள் மஞ்சக்குப்பம் சந்துகள் மாதிரி பழகிவிடும்.

ஓடினால் சத்தம் கேட்கும். குனிந்து நடந்தால் கேட்காது. டார்ச் எரிந்தால் தூரத்திலிருந்தே பார்ப்பார்கள். சில இடங்களில் கூப்பிட்டுக் கவனத்தைத் திருப்பலாம். அவன் சத்தம் வந்த இடத்துக்குப் போகும்போது நீங்கள் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போய்விடலாம். பார்த்துவிட்டால் ஓடி மறையுங்கள். கொஞ்ச நேரம் தேடிவிட்டுப் பழைய வேலைக்கே திரும்பிவிடுவான்.

ஆயுதம் கிடைக்கும். அடித்தால் விழுவான். ஆனால் சாகமாட்டான்; சிறிது நேரத்தில் எழுந்துவிடுவான். அடிப்பது இங்கே நேரம் வாங்குவதற்கு மட்டும். துப்பாக்கி வைத்திருக்கும் ஷிபிட்டோதான் உண்மையான ஆபத்து. ஸ்டேஜில் எத்தனை துப்பாக்கிக்காரர்கள் என்று முதலில் தேடிப் பிடியுங்கள், மற்றவர்கள் பிறகு. அடிபட்டால் ஒளிந்து உட்காருங்கள், உடம்பு தானாகத் தேறும்.

உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடு எதுவும் திரையில் இருக்காது. மூச்சு வாங்குவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாரும் விட்டுவிடும் இடம்: லிங்க் நேவிகேட்டர்

மொத்தம் 78 ஸ்டேஜ்கள். அவை வரிசையாக வராது. பெயர் ஒரு பக்கம், நேரம் ஒரு பக்கம் என்று கட்டம் போட்ட பெரிய அட்டவணை; அதற்குத்தான் லிங்க் நேவிகேட்டர் என்று பெயர். மூன்று நாள் கதை அதில் சிதறிக் கிடக்கும். ஒருவரின் முதல் நாள் இரவை ஆடிவிட்டு இன்னொருவரின் இரண்டாம் நாள் காலைக்குப் போவீர்கள். ஆரம்பத்தில் தலை சுற்றும். ஸ்டேஜ் முடிந்ததும் நோட்டில் ஒரே வரி எழுதுங்கள்: யார், எந்த நாள், எத்தனை மணி, எங்கே, என்ன நடந்தது. பிறகு அதை நேர வரிசையில் அடுக்கிப் பார்க்கும்போது கதை திறக்கும் விதம் அற்புதமாக இருக்கும்.

பல ஸ்டேஜ்களுக்கு இரண்டு முடிவுகள் உண்டு. முதல் இலக்கை முடித்தால் ஒரு பாதை. பிறகு அதே ஸ்டேஜுக்குத் திரும்பி இரண்டாவது இலக்கை முடித்தால்தான் வேறொரு பாதை திறக்கும். அந்த இரண்டாவது இலக்குக்கோ, வேறு யாரோ ஒருவர் அதற்கு முந்தைய நேரத்தில் ஏதோ ஒன்றைச் செய்து வைத்திருக்க வேண்டும். ஒரு துண்டை நனைத்து உறைபெட்டியில் வைப்பது மாதிரியான வேலைகள். வைக்கும்போது எதற்கு என்றே தெரியாது. அது வேறொரு ஆளின் ஸ்டேஜில் உதவும்.

இந்த இடத்தில் என் கருத்து தெளிவானது. சைட்ஜாக்கையும் நடையையும் நீங்களே கற்றுக்கொள்ளுங்கள், அங்கே உதவி தேடாதீர்கள். இரண்டாவது இலக்குகளுக்கு மட்டும் தயங்காமல் ஒரு குறிப்பைப் பார்த்து ஆடுங்கள். குறிப்பே இல்லாமல் முடிக்க வேண்டும் என்ற வீம்பில்தான் நல்ல கேமர்கள் பலர் இதைப் பாதியில் விட்டார்கள். எந்தப் பொருளை எங்கே எடுத்து எங்கே வைக்க வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்ளலாம்; அந்த இடத்துக்கு உயிரோடு போய்ச் சேரும் வேலை எப்படியும் உங்களுடையதுதான்.

வரிசையைப் பற்றி ஒரு யோசனை: புது ஸ்டேஜ் திறந்திருந்தால் அதை முதலில் ஆடுங்கள். முன்னே போக வழியே இல்லை என்ற நிலை வரும்போது மட்டும் பழையவற்றின் இரண்டாவது இலக்குக்குத் திரும்புங்கள். ஆவணங்களையும் விடாதீர்கள். செய்தித்தாள் துண்டு, நாட்குறிப்பு, அடையாள அட்டை என்று 100 இருக்கின்றன. கதையின் பாதி அவற்றில்தான் இருக்கிறது.

ஆளுக்கு ஆள் ஆட்டம் மாறும்

வேட்டைக்காரர் அக்கிரா ஷிமுரா முதியவர், கையில் வேட்டைத் துப்பாக்கி. அவராக ஆடும்போது கொஞ்சம் மூச்சு விடலாம். நாட்டார் வழக்காறு படிப்பிக்கும் டமோன் டக்கேயுச்சி அந்த ஊரிலேயே பிறந்தவர். 1976-இல் தப்பிப் பிழைத்தவர். அவர் பகுதிகளில் வரும் ஆவணங்களைக் கவனமாகப் படியுங்கள். கூட வருபவரைக் காப்பாற்றிக் கூட்டிப்போகும் ஸ்டேஜ்களில் அவர் செத்தாலும் ஆட்டம் முடிந்துவிடும். அங்கே உங்கள் பாதையைவிட அவர் நிற்கும் இடம்தான் முக்கியம்.

ஹருமி தொடக்கப் பள்ளிச் சிறுமி. அவளால் யாரையும் அடிக்க முடியாது. ஒளிவதும் நழுவுவதும் மட்டும்தான். இதுவரை சொன்னது எல்லாம் சரியாகக் கையில் வந்திருக்கிறதா என்று அவள் ஸ்டேஜில் தெரிந்துவிடும். அவசரப்படாதீர்கள். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக ஐந்து நிமிடம் காத்திருந்தாலும் தவறில்லை.

கதை பாதி தாண்டியதும்

சைரன் ஒலிக்கும்போதெல்லாம் ஷிபிட்டோக்கள் சிவப்புக் கடலுக்குள் இறங்கிப் போகிறார்கள். திரும்பி வரும்போது வேறு உருவத்தில் வருகிறார்கள். சுதேசி, பாரதி, ஏஎஃப்டி என்று ஆலைகளோடு வளர்ந்த ஊர் புதுச்சேரி. சங்கு ஊதினால் ஆட்கள் கூட்டமாகக் கிளம்புவது நம் பெரியவர்கள் பார்த்த காட்சிதான். மாசி மகத்துக்கு வைத்திக்குப்பத்திலும் தேவனாம்பட்டினத்திலும் சாமிகள் தீர்த்தவாரிக்கு இறங்கும்போது ஊரே கடலுக்குப் போகிறது. கடல் கழுவித் திருப்பி அனுப்பும் என்ற நம்பிக்கையோடு வளர்ந்தவர்களுக்கு, அந்த மலைக் கிராமத்து மக்கள் கைகளை விரித்துக்கொண்டு சிவப்பு நீரில் நடக்கும் காட்சி கூடுதலாகவே உறைக்கும் என்று நினைக்கிறேன்.

ஆட்டத்துக்கு வருவோம். சுவரிலும் கூரையிலும் ஊர்ந்து போகும் வகை ஒன்று வரும். அதற்குப் பிறகு மேலே பார்க்கும் பழக்கம் வேண்டும். பறக்கும் வகை துப்பாக்கியோடு வரும். திறந்த வெளியைத் தவிருங்கள், கூரைக்கு அடியிலேயே நகருங்கள். மூன்றாவது, மற்றவர்களை ஏவும் தலைவன் வகை. அவன் இருக்கும் ஸ்டேஜில் கீழே இருப்பவர்களோடு மல்லுக்கட்டாதீர்கள். அவன் விழுந்தால் அவன் ஆட்கள் எல்லாரும் சேர்ந்து விழுவார்கள். ஒவ்வொரு பார்வையாகத் தேடி அவனைக் கண்டுபிடித்து, மற்றவர்களைச் சுற்றிக்கொண்டு போய் அவனை மட்டும் வீழ்த்துங்கள். அவன் ஒளிந்து ஓடக்கூடியவன். ஓடும் வழியைப் பார்த்து வைத்துக்கொண்டு பிறகு நெருங்குங்கள்.

கிராமமே பலகையும் தகரமுமாக அடைத்துக் கட்டிய ஒரு கூடாக மாறும் பகுதி கடைசிப் பக்கம் வருகிறது. அந்த ஆணி அடிக்கும் சத்தம் எதற்கு என்று அங்கே புரியும். வரைபடத்தை நம்பாதீர்கள், உங்கள் நோட்டை நம்புங்கள்.

தனியாக ஆடுவதைவிட இரண்டு பேராக ஆடுவது நல்லது. ஒருவர் கன்ட்ரோலர், ஒருவர் நோட்டு. சித்தி மகனும் நானும் அப்படித்தான் ஆடினோம். அவன் சைட்ஜாக்கில் பார்ப்பதைச் சொல்லச் சொல்ல நான் வரைவேன். "கிணறு, இடது பக்கம் கொட்டகை, இப்ப திரும்புறான்" என்று அவன் முணுமுணுப்பதைக் கேட்டு சித்தி உள்ளே வந்து, "யார்டா திரும்புறான்?" என்று கேட்டுவிட்டு விளக்கைப் போட்டுவிட்டுப் போவார்.

முடித்துவிட்டால் அடுத்து 2006-இல் பிளேஸ்டேஷன் 2-க்கே வந்த 'ஃபர்பிடன் சைரன் 2'. கதை ஒரு தீவில் நடக்கிறது, கடினத்தைத் தேர்ந்துகொள்ளவும் முடியும். அமெரிக்காவில் அது வெளிவரவில்லை, அதனால் தேடும்போது ஐரோப்பியப் பதிப்பைத் தேடுங்கள். 2008-இல் பிளேஸ்டேஷன் 3-க்கு வந்த 'சைரன்: பிளட் கர்ஸ்' முதல் கதையையே ஓர் அமெரிக்க டிவி குழுவை வைத்துப் புதிதாகச் சொல்வது. மூன்றில் அதுதான் எளிது. அதை முதலில் ஆடிவிட்டால் முதல் பாகத்தின் பல திருப்பங்கள் உடைந்துவிடும், கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.